கல்வேலி காத்த ஊர்: நெடுந்தீவுக்கு ஒரு பயணம்

வன்னியில் வாழும் எம்மைப் போன்ற பெண்களுக்குப் பயணம் என்ற சொல் நல்ல நினைவுகளைத் தருவதில்லை. ஒட்டுசுட்டானிலிருந்து 2009 தை மாதத்தில் புறப்பட்டோம். புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், பின்னர் செட்டிகுளம் முகாம் என்று அலைந்தோம். எந்த இடத்திலும் எப்போது திரும்புவோம் என்று எவருக்கும் தெரியாது. பாயும் பானையும் எடுத்துக்கொண்டு ஓடுவதே பயணம் என்று பழகிப்போனோம்.

மீளக்குடியமர்ந்து பல வருடங்கள் ஆகியும், எங்கள் மாதர் சங்கத்தில் உள்ளவர்களுள் பலர் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை. "ஒருக்காலாவது, திரும்பி வாற நாள் தெரிஞ்ச ஒரு பயணம் போக வேணும்" என்று கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார். அந்த வார்த்தை எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. வாரச் சேமிப்போடு இருபது ரூபா, ஐம்பது ரூபா என்று தனியாகச் சேர்த்தோம். 2024ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் பதினான்கு பேர் புறப்பட்டோம்.

சுற்றுலா என்றால் கண்டி, நுவரெலியா என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நாங்கள் தெரிவு செய்தது நெடுந்தீவு. அங்கே பெரிய ஹோட்டல் இல்லை, நீர்வீழ்ச்சி இல்லை, மலை இல்லை. கல்லும் பனையும் கடலும்தான். ஆனால் எங்கள் சங்கத்து உறுப்பினர் ஒருவருக்கு, நாங்கள் சின்னக்கா என்று அழைப்பவருக்கு, அது தாய் பிறந்த மண். தாய் சீதனமாக எழுதிக் கொடுத்த காணி ஒன்று அங்கே இருக்கின்றது. அதை விற்பதா, வைத்திருப்பதா என்று அவர் பல காலமாக யோசித்துக்கொண்டிருந்தார். "கண்ணால பாக்காமல் என்னெண்டு முடிவெடுக்கிறது?" என்று அவர் கேட்டது நியாயமாகவே பட்டது.

எங்கே இருக்கின்றது?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே உள்ள தீவுகளுள் மிகவும் தொலைவில் உள்ளது நெடுந்தீவு. பரப்பளவிலும் அது பெரிய தீவுதான். ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். தனியான பிரதேச செயலாளர் பிரிவு. ஆறு கிராம அலுவலர் பிரிவுகள். இன்று அங்கே வாழ்பவர்கள் நாலாயிரம் பேர் அளவில்தான். அந்தோனியார் திருவிழா நடைபெறும் கச்சதீவும் இந்தப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள்தான் அடங்குகின்றது.

நாங்கள் அதிகாலை இரண்டு மணிக்கே வானில் ஏறினோம். மாங்குளம் வந்து ஏ-9 வீதியில் ஏறி, கிளிநொச்சி, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் சேர்ந்தோம். அங்கிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று போகும் வீதி குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகின்றது. இருபுறமும் கடல் நீர் பளபளக்க, நடுவே நீண்டு கிடக்கும் தாம்போதியில் வான் ஓடியபோது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

குறிகட்டுவானில் சனக்கூட்டம். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் நயினாதீவுக்குப் போகின்றவர்கள். நாகபூசணி அம்மனையும் நாகவிகாரையையும் தரிசிக்கப் பஸ் பஸ்ஸாக மக்கள் வருகின்றார்கள். அது சிறிது நேரப் படகுப் பயணம். நெடுந்தீவுப் படகுக்கு நின்றவர்களோ அந்த ஊரவர்கள், ஆசிரியர்கள், அலுவலகத்தார். அரிசி மூடை, காஸ் சிலிண்டர், சீமெந்து, கோழிக் குஞ்சுப் பெட்டி எல்லாம் ஏறின. ஊருக்குத் தேவையான எல்லாமே அந்தப் படகில்தான் போக வேண்டும்.

கடல் வழி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். எங்களுள் சிலருக்குக் கடலைக் கண்டால் நெஞ்சு இறுகும். 2009இல் கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டிக் கிடந்த நாட்கள் அவர்கள் கண்முன் வரும். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தபடியே வந்தார். எவரும் அவரைப் பகிடி பண்ணவில்லை. நடுக்கடலில் மீன்கள் துள்ளுவதைக் கண்டு சின்னப்பிள்ளை ஒன்று கத்தியபோது அவரும் கண்ணைத் திறந்து பார்த்தார்.

இந்தக் கடல்வழிக்கும் ஒரு துயரக் கதை உண்டு. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். உயிர்தப்பியவர்கள் கடற்படையினரே அதைச் செய்தார்கள் என்று சாட்சி கூறினர். மாவிலித்துறையில் அவர்களுக்கு நினைவுத்தூபி ஒன்று உள்ளது. ஒவ்வொரு வருடமும் அங்கே விளக்கேற்றி நினைவுகூருகின்றார்கள். அந்தக் குமுதினிப் படகே திருத்தப்பட்டு, பின்னர் பல வருடங்கள் அதே வழியில் ஊர்ச் சனத்தை ஏற்றி இறக்கியது. வேறு வழி இல்லாத மக்கள் தங்கள் துயரத்தின் மேலேயே ஏறிப் பயணம் செய்திருக்கின்றார்கள். நாங்கள் தூபியருகே சற்று நேரம் நின்று, பூ வைத்துவிட்டு ஊருக்குள் போனோம்.

வந்தவர்கள் வைத்த பெயர்

நெடுந்தீவு என்பது ஊரவர் வழங்கும் பெயர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இதனைப் பசுக்களின் தீவு என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயரை வைத்து டெல்வ்ற் என்றார்கள். அரசாங்கக் கடிதங்களில் ஆங்கிலப் பெயராக இன்றும் அதுவே உள்ளது. ஆனால் படகில் வந்த எவரும் "டெல்வ்ற்றுக்குப் போறம்" என்று சொல்லி நான் கேட்கவில்லை.

இப்படியான தீவுகள் உலகத்தில் வேறும் உண்டு. பசிபிக் சமுத்திரத்தில், பொலினீசியத் தீவுகளுள் நியுவே என்று ஒன்று இருக்கின்றது. அதுவும் முருகைக்கல் மேலெழுந்து உண்டான கரடுமுரடான தீவுதான். அங்கே ஓர் ஆறு கூட இல்லை. சுற்றுலாப் பயணிகளும் அதிகம் போவதில்லை. 1774இல் கப்பல் தலைவன் குக் அங்கே இறங்க முயன்றபோது ஊரவர் இடங்கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தில் அவன் அதற்குக் காட்டுமிராண்டிகளின் தீவு என்று பெயர் வைத்தான். ஊரவர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. நியுவே என்ற பெயரே நிலைத்தது. இன்று அந்தத் தீவில் இருப்பவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. நியூசிலாந்தில் வாழும் நியுவே மக்களோ முப்பதினாயிரம் அளவில் உள்ளனர். தொழிலும் படிப்பும் தேடிப் போனவர்களே அவர்கள்.

நெடுந்தீவின் நிலையும் அதுதான். வித்தியாசம் என்னவென்றால், எங்கள் சனத்தைத் தொழிலும் கலைத்தது, யுத்தமும் கலைத்தது. கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கிய காலத்திலிருந்தே நெடுந்தீவார் பலர் வன்னிக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கினார்கள். யுத்த காலத்தில் தீவு கடற்படையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது மேலும் பலர் வெளியேறினார்கள். பிறகு கனடா, ஐரோப்பா என்று போனார்கள். ஊரில் உள்ளவர்களை விட ஊருக்கு வெளியே உள்ளவர்கள்தான் அதிகம்.

துறையில் ஒரு ஆச்சி எங்களை மறித்து, "எங்கயிருந்து பிள்ளையள் வாறியள்?" என்று கேட்டார்.

"ஒட்டுசுட்டானில இருந்து ஆச்சி."

"வன்னியோ? அங்கினதானே எங்கட சனம் முழுக்க. அப்ப நீங்கள் வெளியாக்கள் இல்லை" என்றார்.

காற்றுக்கு வழிவிடும் வேலி

நெடுந்தீவில் முதலில் கண்ணில் படுவது கல்வேலி. வன்னியில் நாங்கள் கதியால் போட்டுக் கிளுவை நட்டு வேலி அடைப்போம். நெடுந்தீவிலோ மண் மெல்லிய படையாகத்தான் இருக்கின்றது. அதன் கீழ் எங்கும் முருகைக்கல். கிண்டினால் கல், உழுதால் கல். வேலிக்கு மரம் தேடுவது கஷ்டம். ஆகவே நிலத்தில் கிடந்த கல்லையே பொறுக்கி அடுக்கி வேலியாக்கிவிட்டார்கள். காணியும் துப்புரவாகும், வேலியும் எழும்பும்.

இந்த வேலிக்குச் சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை, களிமண்ணும் இல்லை. ஒரு கல்லின் குழிக்குள் இன்னொரு கல்லின் மூலை போய் இருக்குமாறு பார்த்துப் பார்த்து அடுக்க வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிறிய நீக்கல்கள் இருக்கும். சோழகக் காற்று உரமாக வீசும்போது அந்த நீக்கல்களால் ஊடுருவிப் போய்விடும். அதனால் வேலி விழுவதில்லை. ஆடும் மாடும் குதிரையும் உள்ளே வரமாட்டா. எங்காவது நாலு கல் சரிந்தால் அந்த நாலு கல்லை மட்டும் எடுத்து அடுக்கினால் போதும்.

"இதை அடுக்கிறது ஆம்பிளையளோ?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். எங்களுக்கு வழிகாட்டிய தங்கச்சி சிரித்தார். "சரிஞ்சால் ஆர் வீட்டில நிக்கினமோ அவைதான் அடுக்குவினம். அவர் கடலுக்குப் போனால் நான்தான்" என்றார். கணவர் இல்லாமல் தனியே வேலி அடைக்கும் எங்கள் பெண்கள் பலர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள்.

குதிரையும் கோட்டையும்

தீவின் தென்பகுதி பெரும்பாலும் வெறும் புல்வெளி. வெயிலுக்கு ஒதுங்க நிழல் அரிது. அங்கேதான் மட்டக்குதிரைகள் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. போர்த்துக்கேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டவை என்பார்கள். ஒல்லாந்தர் இங்கே குதிரை வளர்ப்பைப் பெரிதாக நடத்தினார்கள். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அயர்லாந்துக்கார அதிகாரி பொறுப்பாக இருந்தார். குதிரை லாயத்தின் கற்தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் தங்கிவிட்டன. இப்போது அவற்றுக்குச் சொந்தக்காரர் என்று எவரும் இல்லை. 2015ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. என்றாலும் மழை பிழைத்த வருடங்களில் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் செத்து விழுவதுண்டு. நாங்கள் போனபோது ஒரு கேணியருகே தாயும் குட்டியுமாகப் பத்துப் பன்னிரண்டு நின்றன. கிட்டப் போனால் மிரளுகின்றன. தூரத்தில் நின்று பார்த்தோம்.

வைத்தியசாலைக்குப் பின்புறம் பழைய கோட்டை ஒன்று இடிந்து கிடக்கின்றது. அதுவும் முருகைக்கல்லால் கட்டியதுதான். கூரை இல்லை, தடித்த சுவர்கள் மட்டும் நிற்கின்றன. தபால் கொண்டுபோகும் புறாக்களை வளர்க்கக் கட்டிய புறாக்கூடும் உண்டு. அதன் உடம்பெல்லாம் சிறுசிறு பொந்துகள். வெடியரசன் கோட்டை என்று இன்னொரு பழைய இடமும், வளரும் கல் என்று ஊரவர் வழிபடும் ஒரு கல்லும் இருக்கின்றன.

எல்லோருக்கும் மிகவும் பிடித்தது பெருக்கமரம். ஆபிரிக்காவுக்குரிய மரம் அது. முற்காலத்தில் அரபு வணிகர் கொண்டுவந்து நாட்டியிருக்கலாம் என்று சொல்கிறார்கள். அடிமரம் ஒரு சின்ன வீடு போல் பருத்து, உள்ளே பொந்தாக இருக்கின்றது. அதற்குள் புகுந்து நின்று ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சிரித்தார்கள். ஐம்பது வயது தாண்டிய பெண்கள் அப்படிச் சிரிப்பதை நான் எங்கள் ஊரில் கண்டதில்லை.

ஒரு குடம் தண்ணீர்

அன்றிரவு சின்னக்காவின் தூரத்து உறவினர் வீட்டில் தங்கினோம். ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். நண்டு, மீன், பயிற்றங்காய் எல்லாம் போட்ட கூழ். பதினான்கு பேரும் சுற்றியிருந்து குடித்தோம். முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தால் கடலின் இரைச்சல் கேட்டது.

விடியற்காலையில்தான் அந்த ஊரின் கஷ்டம் விளங்கியது. தீவின் பல பகுதிகளில் கிணற்று நீர் உவர். குளிக்கலாம், உடுப்புக் கழுவலாம், குடிக்க முடியாது. முருகைக்கல் நிலத்தில் மழைநீர் கீழே இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. மெதுவாக அள்ளினால் நன்னீர் வரும். இயந்திரம் போட்டு இறைத்தால் நன்னீர் முடிந்து உவர் மேலே வந்துவிடும். அதன் பிறகு அந்தக் கிணறு சீராக மழை வேண்டும். சாராப்பிட்டி போன்ற சில இடங்களில் மட்டும் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. உவர்நீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் இயந்திரங்களும் இப்போது பொருத்தப்பட்டிருக்கின்றன. ஆயினும் வீட்டில் ஒரு குடம் நன்னீரைச் சமையலுக்கு, குடிக்க, பிள்ளைக்கு என்று அளந்து வைக்கும் பழக்கம் மாறவில்லை.

முத்தையன்கட்டுக் குளத்து நீரைப் பார்த்து வாழும் எங்களுக்கு இது பெரிய பாடம். எங்கள் ஊரிலும் குழாய்க்கிணறு அடித்து, மோட்டர் போட்டு, கணக்கில்லாமல் இறைக்கின்றோம். நிலத்தடி நீருக்கும் ஓர் அளவு உண்டு என்பதை அந்தத் தீவுப் பெண்களிடம்தான் கேட்டறிய வேண்டும்.

மின்சாரம் டீசல் இயந்திரத்தால்தான் கிடைத்துவந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளி, காற்று ஆகியவற்றிலிருந்து மின்சாரம் பெறும் திட்டத்திற்கு இந்திய உதவி கிடைத்துள்ளது. அதற்கான ஒப்பந்தம் நாங்கள் போன அதே 2024 பங்குனியில்தான் கைச்சாத்தாகியது.

கடலைக் கேட்டு நடக்கும் வாழ்க்கை

அந்த வீட்டுத் தங்கச்சியுடன் அடுப்படியில் இருந்து பேசினேன். தீவில் வைத்தியசாலை உண்டு. பெரிய வருத்தம் என்றால் யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும். கடல் கொந்தளித்தால் என்ன செய்வது? கர்ப்பிணிப் பெண்கள் கடைசி மாதத்தில் முன்கூட்டியே யாழ்ப்பாணம் போய் உறவினர் வீட்டில் தங்குவார்களாம். "அங்க சொந்தக்காரர் இல்லாதவைக்குத்தான் கஷ்டம் அக்கா. வீட்டில மற்றப் பிள்ளையளை ஆரிட்ட விடுறது?" என்றார். 2009இல் பதுங்குகுழிக்குள் பிள்ளை பெற்ற ஒருவர் எங்களோடு வந்திருந்தார். அவர் அந்தத் தங்கச்சியின் கையைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தார். இருவரும் அதிகம் பேசவில்லை.

பெண்கள் சும்மா இருப்பதில்லை. ஆடு, மாடு வளர்க்கின்றார்கள். கருவாடு போடுகின்றார்கள். பனையிலிருந்து ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி செய்கின்றார்கள். பனை ஓலையில் பெட்டி, கடகம், நீத்துப்பெட்டி இழைக்கின்றார்கள். இப்போது சனி, ஞாயிறு நாட்களில் வெளியிலிருந்து ஆட்கள் வருகின்றார்கள். சில பெண்கள் சேர்ந்து மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கின்றார்கள். "முதல் நாளே சொல்லிவிட வேணும். சொல்லாமல் வந்தால் பாணும் சம்பலும்தான்" என்று பகிடியாகச் சொன்னார். படகு ஓடாத நாளில் சமைத்ததை விற்க முடியாது. ஆகவே முன்பணம் வாங்கியே சமைக்கின்றார்கள். தொழில் தொடங்க நினைக்கும் எங்கள் சகோதரிகள் கவனிக்க வேண்டிய விடயம் இது.

சின்னக்காவின் காணி

மறுநாள் காலை சின்னக்காவின் காணியைத் தேடிப் போனோம். அவருடைய தாய் கலியாணம் முடித்து வன்னிக்கு வந்தவர். 1990க்குப் பின் ஏ-9 பாதை மூடப்பட்டதால் ஊர்ப் பக்கம் போக முடியவில்லை. 2002இல் பாதை திறந்த பிறகு, 2003இல் ஒரே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 2006 ஆவணியில் பாதை மறுபடியும் மூடப்பட்டது. தாய் 2012இல் காலமானார். சின்னக்காவின் கணவர் 2009இல் காணாமற்போனார். காணி உறுதியும் அந்த இடப்பெயர்வில் தொலைந்தது.

ஆகவே காணியை அடையாளம் காண முடியுமோ என்று எல்லோருக்கும் பயம். ஆனால் அங்கே கல்வேலி நான்கு பக்கமும் அப்படியே நின்றது. வீட்டுக்குக் கூரை இல்லை. உள்ளே ஆடாதோடை வளர்ந்திருந்தது. கிணறு தூர்ந்து போகவில்லை. பக்கத்து வளவு அம்மா ஓடி வந்தார். தாயின் பெயரைச் சொன்னதும் சின்னக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடமும் அவர்தான் அந்த வளவில் ஆடு கட்டியிருக்கின்றார். சரிந்த கற்களையும் அவரே அடுக்கி வைத்திருக்கின்றார். "உன்ர கொம்மா எனக்குச் சொல்லிப்போட்டுப் போனவ, வேலியைப் பாத்துக்கொள் எண்டு" என்றார்.

சின்னக்கா கிணற்றுக்கட்டில் இருந்து அழுதார். நாங்கள் தடுக்கவில்லை.

இந்த இடத்தில் வாசகிகளுக்கு ஒரு சில விபரங்களைச் சொல்ல வேண்டும். எம்மில் பலருக்கு இதே நிலைதான்.

உறுதி தொலைந்தால் காணி போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. உறுதி பதிவு செய்யப்பட்டிருந்தால், காணி உள்ள மாவட்டத்தின் காணிப் பதிவகத்தில் அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், வருடம் ஆகியவற்றில் தெரிந்ததைக் கொண்டு போனால் தேடுவது இலகு.

ஒருவர் பத்து வருடங்கள் இடையூறு இல்லாமல், உரிமையாளரின் உரிமையை மறுத்து, ஒரு காணியை ஆண்டால் அதற்கு உரிமை கோரச் சட்டத்தில் இடமுண்டு. உரிமையாளரின் அனுமதியுடன் பயன்படுத்துபவருக்கு அது பொருந்தாது. ஆகவே அன்பாகப் பார்த்துக்கொள்பவரிடமும் "உங்கள் அனுமதியுடன் பயன்படுத்துகின்றேன்" என்று ஓர் எழுத்து வாங்கி வைப்பது இரு பகுதிக்கும் நல்லது. பக்கத்து அம்மா முகம் சுளிக்காமல் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தார்.

தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் பெயரில் உள்ள காணியையும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் இந்த விதி இருக்கின்றது. கணவர் காணாமற்போன பெண்கள் இதனால் பெரிதும் கஷ்டப்படுகின்றார்கள். அப்படியான நிலையில் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, கணவரின் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்ற அனுமதியைப் பெற வழியுண்டு. காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழ் பெறும் ஏற்பாடும் 2016இல் சட்டமாக்கப்பட்டுள்ளது. கணவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே அதனைப் பெறலாம். எந்த முடிவுக்கும் முன்னர் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள்.

சின்னக்கா காணியை விற்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தார். "நான் இஞ்ச வந்து இருப்பனோ தெரியாது. ஆனால் மகளுக்கு ஒரு ஊர் இருக்க வேணும்" என்றார். எல்லோரும் இதே முடிவைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையின் படிப்புக்காகவும் மருந்துச் செலவுக்காகவும் காணி விற்க வேண்டி வருவதுண்டு, அதிலும் தவறில்லை. விற்பதோ வைப்பதோ, காணியைக் கண்ணால் பார்த்து, பத்திரத்தைக் கையில் எடுத்து, நாமே முடிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் இருந்து கேட்கிறார்கள், தரகர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக முடிவு செய்யக் கூடாது.

போக விரும்புவோருக்கு

சோழகக் காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். மாரி மழைக்காலமும் உகந்ததல்ல. தை மாசி முதல் சித்திரை வரை நல்லது. படகு நேரங்கள் மாறுவதுண்டு. முதல் நாளே விசாரியுங்கள். திரும்பும் படகைத் தவறவிட்டால் அன்றிரவு அங்கேதான்.

அடையாள அட்டை, தொப்பி அல்லது குடை, வழமையாக எடுக்கும் மருந்து, குடிதண்ணீர் ஆகியவற்றை மறக்க வேண்டாம். தண்ணீர் தட்டுப்பாடான ஊருக்கு விருந்தாளியாகப் போகின்றோம். எங்கள் தண்ணீரை நாங்களே கொண்டுபோவது மரியாதை. தீவுக்குள் சுற்றிப் பார்க்க ஓட்டோவோ சிறிய பட்டா வாகனமோ வாடகைக்குப் பிடிக்கலாம். விலையை ஏறுவதற்கு முன் பேசிக்கொள்ளுங்கள். கல்வேலியில் ஏறவோ, நினைவுக்கு என்று கல் எடுத்து வரவோ வேண்டாம். பிளாஸ்டிக் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சாப்பாட்டை அந்த ஊர்ப் பெண்களிடமே சொல்லி வையுங்கள். கருவாடும் பனங்கட்டியும் அவர்களிடமே வாங்குங்கள். கொடுக்கும் காசு நேரே அவர்கள் கையில் சேரும்.

எங்கள் சங்கம் இப்போது அடுத்த பயணத்திற்குச் சேமிக்கத் தொடங்கிவிட்டது. நெடுந்தீவிலிருந்து அந்தத் தங்கச்சியும் அவருடைய குழுவில் சிலரும் வன்னிக்கு வர விரும்புகின்றார்கள். தான்தோன்றீஸ்வரர் கோயிலையும் முத்தையன்கட்டுக் குளத்தையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும். குளம் நிரம்பி வழியும் மாதமாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கின்றோம். அத்தனை நன்னீரை ஒரே இடத்தில் அந்தப் பிள்ளைகள் கண்டதில்லையாம்.